வெங்காயத்திலிருந்து ஆய்வேடு வரை: அனைத்துலக வர்த்தக ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆகஸ்ட் வந்துவிட்டால் யாராவது ஒரு மாணவர் என்னைச் சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் கோப்பி குடிக்கக் கூப்பிடுவார். கோப்பி அவர் செலவு, ஆய்வேட்டுத் தலைப்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை. பையிலிருந்து எடுத்து நீட்டும் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அனைத்துலக வர்த்தகமும் பொருளியல் வளர்ச்சியும்: சிங்கப்பூரின் அனுபவம்." அதில் கேள்வியே கிடையாது. நூலக அலமாரியில் ஒட்டுகிற பெயர்ச்சீட்டு அது.

பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு ஆய்வேடோ முதுநிலை ஆய்வேடோ எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொதுப்படையாகப் பேசினால் காதில் ஏறாது. ஆகவே ஒரே பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து போவோம். பொருள்: வெங்காயம். சிராங்கூன் ரோட்டில் மளிகை வாங்கும் எவருக்கும் அதன் விலை எப்போது ஏறியது என்று நினைவிருக்கும். ஏன் ஏறியது என்பதற்கு இந்திய அரசாணைத் தேதிகளே கிடைக்கின்றன. ஆய்வாளருக்கு இப்படி வாய்ப்பது அபூர்வம்.

படி 1: அலமாரியிலிருந்து ஒரு கேள்வியை எடுங்கள்

"வர்த்தகம் பெருகினால் நாடு வளருமா?" பெரிய பெரிய ஆட்களே முட்டிக்கொண்ட கேள்வி இது. நிறைய வணிகம் செய்ததால் நாடு வளர்ந்ததா, வளர்ந்த நாடு என்பதால் நிறைய வணிகம் செய்கிறதா? 1999இல் பொருளியலாளர்கள் ஜெஃப்ரி ஃபிராங்கலும் டேவிட் ரோமரும் இந்தச் சிக்கலை அவிழ்க்கப் புவியியலைப் பிடித்தார்கள். ஒரு நாடு மற்ற நாடுகளிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எந்த அமைச்சரும் தீர்மானிப்பதில்லை. எனவே தொலைவு போன்ற புவியியல் காரணங்களால் விளையும் வணிகத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதற்கும் வருமானத்துக்கும் உள்ள உறவைப் பார்த்தார்கள். வணிகம் வருமானத்தைக் கூட்டுகிறது என்று விடை வந்தது.

அடுத்த ஆண்டே ஃபிரான்சிஸ்கோ ரோட்ரிகஸும் டேனி ரோட்ரிக்கும் குறுக்கே விழுந்தார்கள். புவியியல் வணிகத்தின் வழியாக மட்டுமா வருமானத்தைத் தொடுகிறது? நோய், மண், காலனி ஆட்சி விட்டுப்போன அமைப்புகள் என்று பல வழிகள் உண்டே என்றார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவைக் கணக்கில் சேர்த்ததும் பழைய விடை ஆட்டம் கண்டது.

பிறகு ஜேம்ஸ் ஃபெய்ரர் வந்தார். சூயஸ் கால்வாய் 1967 ஜூனில் மூடப்பட்டு 1975 ஜூனில் திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் எந்த நாட்டின் மண்ணும் மாறவில்லை, நிலநடுக்கோடும் நகரவில்லை. பல நாடுகளுக்கிடையே கடல்வழித் தொலைவு மட்டும் கூடியது, பிறகு குறைந்தது. அதை வைத்து வணிகத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பை மீண்டும் அளந்தார்.

இந்த மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும்: நீங்கள் தேடவேண்டியது ஒன்றை மட்டும் அசைத்துவிட்டு மற்றதையெல்லாம் விட்டுவைத்த நிகழ்வு. வெங்காயத்தில் அது கிடைக்கிறது. இந்தியா 2019 செப்டம்பர் 29 அன்று ஏற்றுமதியைத் தடை செய்தது. 2020 மார்ச்சில் தடை நீங்கியது. 2020 செப்டம்பர் 14 அன்று மறுபடி தடை. 2021 ஜனவரி 1 அன்று நீங்கியது. 2023 ஆகஸ்ட்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரி, அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை, டிசம்பர் 8 அன்று முழுத்தடை. 2024 மே 4 அன்று தடை நீங்கியது. ஆனால் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 விழுக்காட்டு வரியும் கூடவே வந்தன.

இப்போது கேள்வி தானாக உருவாகிறது: இந்தியாவின் தடைகள், சிங்கப்பூர் யாரிடம் வெங்காயம் வாங்குகிறது என்பதை மாற்றினவா? தடை நீங்கியதும் பழைய வாடிக்கை திரும்பியதா? என் கணிப்பில் இரண்டாவது பாதிதான் சரக்குள்ளது. வாடிக்கை திரும்பவில்லை என்றால், சில மாதத் தடையின் விலையை இந்தியாவில் வெங்காயம் விளையும் நாசிக் பக்கத்து விவசாயி பல ஆண்டுகள் கொடுக்கிறார் என்று பொருள். வளர்ச்சிப் பொருளியல் உள்ளே வரும் வாசல் அதுதான். தடை நகரத்து நுகர்வோரைக் காக்கிறது, விளைவிப்பவரின் சந்தையைச் சுருக்குகிறது.

படி 2: படிப்பது, ஆனால் எல்லாவற்றையும் அல்ல

கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். சுருக்கம், பிறகு முதல் முடிவு அட்டவணை, பிறகு தரவுப் பகுதி. அப்புறமும் ஆர்வம் இருந்தால் முன்னுரைக்குப் போகலாம். இருபது கட்டுரைகளை இப்படிப் புரட்டி, ஐந்தை மட்டும் வரிவரியாகப் படித்தால் போதும்.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் ஒரு சண்டையை மட்டும் தவறவிடக்கூடாது. 1992இல் ஆல்வின் யங் ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் ஒப்பிட்டு, சிங்கப்பூரின் வளர்ச்சி ஏறக்குறைய முழுவதும் முதலீட்டையும் உழைப்பையும் கொட்டியதால் வந்தது, உற்பத்தித்திறன் கூடியதால் அல்ல என்றார். 1994இல் பால் குருக்மன் அதையே ஊரறியப் போட்டு உடைத்தார். 1966க்கும் 1990க்கும் இடையில் வேலை செய்வோரின் பங்கு மக்கள்தொகையில் 27இலிருந்து 51 விழுக்காட்டுக்கும், முதலீடு உற்பத்தியில் 11இலிருந்து 40 விழுக்காட்டுக்கு மேலும் ஏறியதைக் காட்டி, இதை இன்னொரு முறை இரட்டிப்பாக்க முடியுமா என்று கேட்டார். இங்கே பலருக்குக் கோபம் வந்தது.

2002இல் சாங்-டாய் ஷீ வேறு பக்கத்திலிருந்து வந்தார். முதலீடு அவ்வளவு குவிந்திருந்தால் மூலதனத்தின்மேல் கிடைக்கும் வருவாய் சரிந்திருக்க வேண்டுமே, ஏன் சரியவில்லை? மூலதனத்தையும் உழைப்பையும் எண்ணுவதற்குப் பதில் அவற்றுக்குக் கிடைத்த விலையை வைத்துக் கணக்கிட்டபோது, சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் வளர்ச்சி பழைய மதிப்பீட்டைவிட ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக வந்தது. ஒரே நாடு, ஒரே காலம். எந்த எண்ணை நம்புகிறோம் என்பதில் கதையே தலைகீழாகிறது.

படிக்க இடம் வேண்டுமானால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தைவிட அமைதி. குளிர் மட்டும் அதிகம், சட்டைக்கு மேல் ஏதாவது எடுத்துப்போங்கள். ஆசியான் வர்த்தகம் என்றால் தென்கிழக்காசியாவை ஆராயும் யூசோஃப் இஷாக் கழகத்தின் வெளியீடுகளையும் பாருங்கள்.

படி 3: எண் எங்கே பிறந்தது என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் பாதி ஆய்வேடுகள் கவிழ்கின்றன. என்னுடையதும் கவிழ்ந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் காம்டிரேட் என்ற வர்த்தகத் தரவுத்தளத்திலிருந்து சிங்கப்பூரின் ஏற்றுமதியை எல்லாக் கூட்டாளி நாடுகளுக்கும் சேர்த்து இறக்கி, எக்செல்லில் கூட்டிப் போட்டேன். அந்தக் கோப்பில் நாடுகளோடு நாடாக "உலகம்" என்று ஒரு வரி இருக்கும், குறியீடு 0. எல்லா நாடுகளின் மொத்தம் அது. அதையும் சேர்த்துக் கூட்டியதில் ஏற்றுமதி சரியாக இரண்டு மடங்கானது. மூன்று வாரம் அந்த எண்ணை வைத்து வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். என் நெறியாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்வளவு சரக்கை ஏற்றத் துறைமுகத்தில் இடம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு எந்த எண்ணைத் தொட்டாலும் அது எந்தப் படிவத்தில், யார் கையால், எந்த இடத்தில் பிறந்தது என்று கேட்பது பழக்கமாகிவிட்டது.

முதலில் குறியீடு. வர்த்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் எண் உண்டு, சுங்கத்துறைகள் பொருளை வகைப்படுத்தும் எண் அது. முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. வெங்காயம் 0703.10. அந்த ஆறு இலக்கத்தில் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒன்றுதான்! சாம்பார் வைக்கிற எந்த வீட்டிலும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பிரித்துப் பார்க்க எட்டு இலக்கத்துக்குப் போகவேண்டும். அங்கே நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் பெரியது 0703 10 10, சின்னது 0703 10 20, சிங்கப்பூர் ஆசியானின் எட்டு இலக்க முறையைப் பின்பற்றுகிறது, அதில் பிரிவு வேறு. இரண்டு நாட்டுக் கோப்புகளை எட்டு இலக்கத்தில் அப்படியே ஒட்டினால் பொருந்தாது. எச்எஸ் பட்டியலும் 2012, 2017, 2022 என்று அவ்வப்போது திருத்தப்படுகிறது. நீண்ட காலத்தை எடுப்பவர்கள் திருத்தங்களை இணைக்கும் ஒப்புமை அட்டவணையை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, சிங்கப்பூருக்கே உரிய பொறி: மறு ஏற்றுமதி. இங்கே வந்து இறங்கி, பெரிய மாற்றமில்லாமல் வேறு நாட்டுக்குப் போகும் சரக்கு இது. காம்டிரேட்டில் சிங்கப்பூரின் "ஏற்றுமதி" என்று இருப்பது உள்நாட்டு ஏற்றுமதியும் மறு ஏற்றுமதியும் சேர்ந்தது. மறு ஏற்றுமதி தனி வரியாகவும் கிடைக்கும், கழித்துக்கொள்ளலாம். கழிக்காமல் விட்டால் சிங்கப்பூர் வெங்காயம் விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாடாகத் தெரியும். நமக்கு வேண்டியது இங்கே தின்ற வெங்காயம், அதாவது இறக்குமதியில் மறு ஏற்றுமதியைக் கழித்தது. செய்தியில் மாதாமாதம் "எண்ணெய் சாரா உள்நாட்டு ஏற்றுமதி" என்று தனியாகச் சொல்வதும் இதனால்தான். துறைமுகத்தில் கப்பல் மாறி, நாட்டுக்குள் வராமலே போகும் சரக்கு இந்தக் கணக்குகளில் வராது.

இந்தியா எழுதுவதும் சிங்கப்பூர் எழுதுவதும் ஒத்துப்போகாது என்பதையும் எதிர்பார்த்திருங்கள். இந்தியா ஏற்றுமதியைத் தன் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய விலைக்குப் பதிகிறது. சிங்கப்பூர் இறக்குமதியைக் கப்பல் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்துப் பதிகிறது. நவம்பர் கடைசியில் புறப்பட்ட கொள்கலன் டிசம்பரில் வந்து சேரும். ஏற்றுமதியில் போய்ச்சேரும் நாட்டை எழுதுவார்கள், இறக்குமதியில் விளைந்த நாட்டை. இந்தியாவிலிருந்து இங்கே வந்து புருணைக்குப் போன மூட்டை, புருணையின் கணக்கில் இந்திய வெங்காயம்தான். இரண்டு பக்கத்துக் கணக்கையும் எடுத்து, இடைவெளி மாதாமாதம் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவில் இருந்தால் பயப்பட வேண்டாம். திடீரென்று எகிறினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

வரலாற்றுத் தரவு எடுப்பவர்களுக்கு ஒன்று. 1960களில் இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து நடத்திய கொன்ஃப்ரொண்டாசி மோதல் காலத்திலிருந்து 2000களின் தொடக்கம் வரை இந்தோனேசியாவுடனான வணிகக் கணக்கைச் சிங்கப்பூர் வெளியிடவில்லை. பழைய கோப்பில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வணிகமே நடக்கவில்லை என்று நினைத்து 0 போட்டுவிடாதீர்கள். பதியாததும் இல்லாததும் ஒன்றல்ல.

டாலர் மதிப்பையும் கிலோவையும் தனித்தனியே வையுங்கள். தடைக்காலத்தில் விலை ஏறுவதால் மதிப்பு குறையாமல் இருக்கலாம், எடை பாதியாகியிருக்கும். சில்லறை விலைக்குப் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் வெளியிடும் சராசரி விலைப் பட்டியலில் உங்கள் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: கணக்கைத் தொடுவதற்கு முன் காலக்கோடு

தாளில் ஒரு கோடு போட்டு ஒவ்வோர் அரசாணையையும் தேதியோடு எழுதுங்கள். சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல் தடை எளிமையாக இருக்காது என்று உடனே தெரியும். 2020 செப்டம்பரில் எல்லா வகைக்கும் தடை. அக்டோபரிலேயே பெங்களூரு ரோஸ், கிருஷ்ணாபுரம் ஆகிய இரண்டு வகைகளுக்கு மட்டும் தலா 10,000 டன் வரை, சென்னைத் துறைமுகம் வழியாக அனுமதி கிடைத்தது. தென்கிழக்காசியாவுக்கு வரும் வகைகள் அவை. செய்தித் தலைப்பை மட்டும் பார்த்து "செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தடை" என்று குறித்திருந்தால், நம் சந்தைக்கு மட்டும் பொருந்தும் விலக்கு கைநழுவியிருக்கும்.

பிறகு ஒப்பீடு. தடைக்கு ஆளான பொருளையும் ஆளாகாத பொருளையும், தடைக்கு முன்பும் பின்பும் பார்த்து, இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது வழக்கமான முறை. கடினம் எதிரில் வைக்கும் பொருளைத் தேர்வதில்தான். பாகிஸ்தான் வெங்காயத்தை வைக்கலாமா? கூடாது, இந்திய வெங்காயம் நின்றால் அது கூடும், அதாவது தடை அதையும் தொட்டுவிட்டது. இந்திய அரிசியை வைக்கலாமா? 2023க்கு அதுவும் ஆகாது. ஜூலை 20 அன்றே பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை வந்தது, பிறகு சிங்கப்பூருக்கு 50,000 டன் சிறப்பு அனுமதி கிடைத்தது. அதுவே தனி ஆய்வேடு. உலர் மிளகாய் (0904.21) பரவாயில்லை: அதே நாடு, அதே இறக்குமதியாளர்கள், தடையில்லை. தடைக்கு முந்தைய மாதங்களில் இரண்டும் ஒரே போக்கில் நகர்ந்தனவா என்று வரைந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பல நாடுகளைச் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு ஈர்ப்பு மாதிரி என்ற கணக்கு முறை இருக்கிறது. 1962இல் யான் டின்பெர்கன் கொண்டுவந்தது. இரு நாட்டுப் பொருளியலும் பெரிதாக இருந்தால் வணிகம் கூடும், தொலைவு கூடினால் குறையும், நியூட்டனின் விதிபோல. 103 கட்டுரைகளிலிருந்து 1,467 மதிப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தொலைவு 10 விழுக்காடு கூடினால் வணிகம் சராசரியாக 9 விழுக்காடு குறைவது தெரிந்தது. இதில் இரண்டு பிழைகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பரிசோதகர் பாதி சமாதானமாகிவிடுவார். ஒன்று, இரு நாடுகளை மட்டும் தனியே பார்ப்பது. மற்ற நாடுகளோடு அவற்றுக்குள்ள தடைகளும் முக்கியம் என்று 2003இல் ஆண்டர்சனும் வான் வின்கூப்பும் காட்டிவிட்டார்கள். ஏற்றுமதி நாடு-காலம், இறக்குமதி நாடு-காலம் என்று நிலை விளைவுகளை, அதாவது ஒவ்வொரு நாட்டுக்கும் அந்தந்தக் காலத்தில் உள்ள பொதுவான தாக்கத்தைத் தனியே பிரிக்கும் மாறிகளை, சேர்த்தால் தீரும். மற்றொன்று, மடக்கை எடுப்பது. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது, ஆகவே வணிகம் நின்றுபோன மாதங்களெல்லாம் சத்தமில்லாமல் கோப்பிலிருந்து விழுந்துவிடும். தடையை ஆராய்கிறவருக்கு அந்த மாதங்கள்தான் முக்கியம்! சாண்டோஸ் சில்வாவும் டென்ரெய்ரோவும் 2006இல் பரிந்துரைத்த பாய்சான் முறை பூஜ்யத்தையும் ஏற்கும். ஸ்டாட்டாவிலும் ஆர் மென்பொருளிலும் இதற்குத் தயார் நிரல்கள் உண்டு.

படி 5: ஒரு நாள் காலை பாசிர் பாஞ்சாங் போய்வாருங்கள்

பொருளியல் மாணவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். அங்கே இருக்கும் மொத்தச் சந்தைக்கு விடியற்காலையில் போனால் வலைமூட்டைகள் அடுக்கியிருக்கும், காலுக்கடியில் சருகுத்தோல் பறக்கும். வெங்காயம் இறக்குமதி செய்யும் பெரியவர் ஒருவரிடம், தடை வந்து எத்தனை நாள் கழித்து விலை ஏறும் என்று கேட்டேன்.

"கழிச்சா? தம்பி, கப்பல் வர்றதுக்குத்தான் நாளாகும். வெல ஏற நாளாகாது. தடை வரும்னு அங்க பேச்சு அடிபட்டாலே எங்களுக்கு போன் வந்துரும், இருக்கிற கொள்கலனையெல்லாம் ஏத்திவிட்டுருவாங்க."

அந்த ஒரு பதிலால் என் கணக்கு மாதிரியையே மாற்றவேண்டி வந்தது. தடைக்கு முந்தைய மாதத்தில் இறக்குமதி செயற்கையாகக் கூடியிருந்தால், அதை "இயல்பு நிலை" என்று வைத்து அளக்கிற விளைவும் ஊதிப் பெருத்துவிடும். முந்தைய இரண்டு மாதங்களைத் தனியே பிரித்துவிட்டேன். ஹாலந்து வெங்காயத்துக்கு மாறிய வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்றும் கேட்டேன். "சாப்பாட்டுக் கடைக்காரர் வருவார், அவருக்கு ருசி வேணும். வெட்டிப் பொட்டலம் போடுறவர் வரமாட்டார்." யார் வாங்குகிறார் என்று பிரிக்கும் தரவு என்னிடம் இல்லை. ஆனாலும் எதைத் தேடவேண்டும் என்று தெரிந்தது.

பேட்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். இரண்டு மூன்று வாரம் என்று நினைத்துக் கடைசியில் ஓடாதீர்கள். ஒருவரின் கொள்முதல் விலையை இன்னொருவரிடம் சொல்லவே கூடாது.

பழைய காலத்தை எழுதுகிறவர்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது பெரிய வசதி. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி என்ற வணிகக் கூடங்களில் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளும், வணிகத்துக்கு அவர்கள் கொடுத்த கடனும் ஆங்கில ஆவணங்களில் மேலோட்டமாகத்தான் வரும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் படிக்கலாம், தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்கலாம். பக்கத்து மேசைக்காரர் மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போது நீங்கள் நேராகப் படித்துவிடுவீர்கள்.

படி 6: "வளர்ச்சி" என்று எழுதுமுன்

வர்த்தகம் கூடியதும் மக்கள் நிலை மேம்பட்டதும் ஒன்றல்ல. 1991க்குப் பிறகு இந்தியா இறக்குமதி வரிகளைக் குறைத்ததை ஆராய்ந்த பெட்டியா டோபலோவா, வரிக்குறைப்பு அதிகம் தாக்கிய கிராமப்புற மாவட்டங்களில் வறுமை மற்ற மாவட்டங்களைவிட மெதுவாகக் குறைந்ததைக் கண்டார். கவனியுங்கள், வறுமை கூடியது என்று அவர் சொல்லவில்லை. ஒப்பீட்டில்தான் பின்தங்கின. இந்த முறையால் மாவட்டங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைத்தான் அளக்கமுடியும், நாடு மொத்தத்துக்கும் லாபமா நட்டமா என்பதை அல்ல. மாணவர்கள் முடிவுரையில் தாண்டும் வேலி இதுதான்.

சிங்கப்பூரின் மொத்த வர்த்தகம் உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அதை முன்னுரையில் எடுத்துப்போட்டு வியக்காதவர் இல்லை. வர்த்தகம் சரக்கின் முழு விலையை எண்ணுகிறது, உற்பத்தி இங்கே சேர்ந்த மதிப்பை மட்டும் எண்ணுகிறது. ஒரே மின்னணுச் சில்லு உள்ளே வரும்போது ஒருமுறை, வெளியே போகும்போது ஒருமுறை எண்ணப்படுகிறது. கூட்டிய மதிப்பு வேண்டுமானால் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பான ஓஇசிடியின் மதிப்புக்கூட்டு வர்த்தகத் தரவு இருக்கிறது.

படி 7: எழுதுவது

தரவுப் பகுதியை முதலில் எழுதுங்கள், முன்னுரையைக் கடைசியில். ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் தரவை இறக்கிய தேதியைப் போடுங்கள். காம்டிரேட் எண்களைத் திருத்திக்கொண்டே இருக்கும், ஆறு மாதம் கழித்து உங்கள் எண்ணே உங்களுக்குக் கிடைக்காது. இறக்கிய மூலக் கோப்பைத் தொடாமல் தனியே பூட்டி வையுங்கள். திருத்தங்களெல்லாம் நிரலில் நடக்கட்டும், எக்செல்லில் கையால் வேண்டாம்.

விளைவு எதுவும் தெரியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். சிங்கப்பூரின் வெங்காய மூலங்கள் தடைக்குப் பிறகு பழைய நிலைக்கே திரும்பின என்பதும் ஒரு முடிவுதான். வாய்மொழித் தேர்வில் முதலில் எதைக் கேட்பார்கள் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் உட்கார்ந்து பார்த்தவற்றில் பெரும்பாலும், "மறு ஏற்றுமதியைக் கழித்துவிட்டீர்களா?" என்றுதான் தொடங்கினார்கள்.